ஃபோமில் வண்டு, எறும்பு, வெட்டுக்கிளி: சிற்றோடை டிரவுட்டுக்கு நிலப்பூச்சி ஃப்ளை கட்டப் பழகும் முறை

கோடை நடுப்பகலில் சிற்றோடைக்குப் போனால் தண்ணீர்ப் பூச்சிகள் பறப்பதை அதிகம் பார்க்க முடியாது. காலையில் பறந்தவை ஓய்ந்திருக்கும், மாலையில் வர வேண்டியவை இன்னும் வெளிவந்திருக்காது. ஆனாலும் கரையோரப் புதருக்கு அடியில் ஒரு டிரவுட் மீன் மேலே வந்து எதையோ கவ்விக்கொண்டு இறங்கும். வட்டம் மட்டும் விரியும். அது தின்றது பெரும்பாலும் இலையிலிருந்து கால் வழுக்கி விழுந்த வண்டாகவோ, கிளையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பாகவோ இருக்கும். இப்படி நிலத்திலிருந்து தண்ணீரில் வந்து விழும் பூச்சிகளைப் பார்த்துக் கட்டுகிற ஃப்ளைகளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டும் போலிப் பூச்சிகளைத்தான் டெரஸ்ட்ரியல் என்கிறார்கள். நிலப்பூச்சி ஃப்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

சிற்றோடைக்கு இவை ஏன் இவ்வளவு பொருந்துகின்றன? ஓடை குறுகக் குறுக, தண்ணீரின் பரப்போடு ஒப்பிட்டால் கரையின் நீளம் கூடுகிறது. இரு பக்கமும் மரமும் புல்லும் கவிந்திருக்கும். ஓடைக்குள் விளையும் இரையோ குறைவு. அதனால் மேலிருந்து விழுவது எதுவானாலும் மீன் அதைச் சும்மா விடுவதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லெட்டார்ட் ஸ்பிரிங் ரன் என்ற தெளிந்த ஊற்று ஓடை இருக்கிறது. வின்சென்ட் மரினாரோ, சார்லஸ் ஃபாக்ஸ் போன்றவர்கள் அங்கே கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத எதையோ மீன்கள் தின்பதைக் கவனித்தார்கள். தத்துப்பூச்சி, எறும்பு, குட்டி வண்டு ஆகியவைதான் அந்த இரை என்று தெரிந்தது. அதற்கேற்ற தட்டையான, தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிக் கிடக்கும் ஃப்ளைகளை அவர்கள் இறகிலும் மயிரிலும் உருவாக்கினார்கள். அதே ஓடையில் எட் ஷெங்க் ஒரு வெட்டுக்கிளி ஃப்ளையை உருவாக்கினார். ஃபோம் என்ற நுரை ஷீட் பிறகுதான் வந்தது. வந்ததும் வேலை சுலபமாயிற்று, ஃப்ளையும் நாள் முழுக்க மிதந்தது.

ஆனால் ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு. அதை மிதக்கவைப்பது அதன் நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. நூல் இறுக்குகிற இடத்தில் அந்தக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான்: குறைந்த சுற்று, குறைந்த இடங்களில். ஃபோமை உயிரோடு விட்டுவைக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஃபோம் மூடிய அறைகள் கொண்டதாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சினால் அது வேலைக்கு ஆகாது. ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பாருங்கள், குமிழி வந்தால் வேண்டாம். பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் ஈ.வி.ஏ ஷீட் தாராளமாகப் போதும், பசையும் அதில் நன்றாகப் பிடிக்கும். பாலிஎத்திலீன் ஃபோமில் பசை சரியாக ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். 2 மில்லிமீட்டர் கனம் முக்கால்வாசி வேலைக்கு வரும். 1 மில்லிமீட்டரில் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ கொஞ்சம் வைத்துக்கொண்டால் முதுகில் அடையாளம் வைக்க உதவும். நிறத்தில் கறுப்பு, பழுப்பு, வெளிர்மஞ்சள். தொடங்க இவ்வளவு போதும்.

தூண்டில் முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறுக்கும். வண்டுக்கு 14, எறும்புக்கு 16, வெட்டுக்கிளிக்கு நீளத் தண்டுள்ள 12 அல்லது 10. முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நான் வாய் என்று சொல்கிறேன். ஃபோம் தடிமனான பொருள் என்பதால் வாய் அகலமான முள்ளாகப் பார்த்து வாங்குவது நல்லது. முனைக்குப் பின்னாலுள்ள பின்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் கட்டத் தொடங்குவேன். மீனை நோகாமல் விடலாம், நம் விரலில் குத்தினாலும் எளிதில் வந்துவிடும்.

நூலில்தான் பலர் தவறுகிறார்கள். மற்ற ஃப்ளைகளுக்குப் பழகிய மெல்லிய 70 டெனியர் நூல் ஃபோமைக் கம்பி மாதிரி அறுக்கும். 140 டெனியர் நூலை எடுங்கள். வெட்டுக்கிளிக்கு 210 கூடச் சரிதான்.

இவற்றோடு முள்ளைப் பிடிக்கும் வைஸ், நூல்கண்டைத் தாங்கும் பாபின், கூரான கத்தரி, விப் ஃபினிஷ் என்ற கடைசி முடிச்சைப் போடும் கருவி, ஒரு ஊசி, புது பிளேடு, எஃகு ஸ்கேல், சூப்பர் க்ளூ. அலங்காரத்துக்கு மயில் தோகை இழை, மெல்லிய ரப்பர் கால்கள், சேவலின் கழுத்து இறகு, கொஞ்சம் மான் மயிர். பிளேடு பழசானால் ஃபோமை இழுத்துக் கிழிக்கும், விளிம்பு பிசிறடிக்கும். தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

முதல் நாள்: நூலை மட்டும் பழகுங்கள்

முதல் நாள் ஒரு ஃப்ளைகூடக் கட்ட வேண்டாம் என்று சொல்வேன். ஒரு பெரிய முள்ளை வைஸில் பிடித்து, தண்டு முழுவதும் நூலைச் சுற்றுங்கள். வெறும் கம்பியில் ஃபோம் நிற்காது, சுழலும். நூல் படுக்கை இருந்தால்தான் அதற்குப் பிடிப்பு. அப்புறம் 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஃபோம் பட்டையைத் தண்டின் மேல் வைத்து, நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டே போங்கள். எப்போது அறுகிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே அறுக்க வேண்டும். அடுத்த துண்டை எடுத்து மறுபடியும் அறுங்கள். பத்துத் துண்டு வீணாகட்டும். அறுவதற்குச் சற்று முன்பு நூல் எவ்வளவு விறைக்கிறது, பாபினைப் பிடித்த விரலில் என்ன தெரிகிறது என்பது அதற்குள் கைக்கு வந்துவிடும்.

இப்போது சரியான முறை. முதல் சுற்றைத் தொட்டும் தொடாமலும் போடுங்கள், ஃபோம் குழியக் கூடாது. இரண்டாம் சுற்றும் அதே இடத்தில், அதே இலேசாக. மூன்றாவது சுற்றில்தான் மெதுவாக இழுக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றும் மெத்தை மாதிரி அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், ஃபோம் அறுகாமல் மடங்கி இறங்கும். இன்னொரு விஷயம்: சுற்றச் சுற்ற நூல் முறுக்கேறிக் கயிறு மாதிரி ஆகிவிடும், அந்த நிலையில் அது கூடுதலாக அறுக்கும். அவ்வப்போது பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றிவிட்டால் முறுக்குப் பிரிந்து நூல் நாடா மாதிரி படுக்கும். வலது கைக்காரர்களுக்கு இது பொருந்தும், இடது கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டு: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

மூன்றில் எதை முதலில் பழகுவது என்றால் யோசிக்காமல் வண்டு என்பேன். கட்டுவதற்கு எளிது, தப்பு நடந்தால் உடனே தெரியும், மீனும் எடுக்கும். பூச்சி இனங்களிலேயே வண்டு வகைகள்தான் அதிகம். அறிவியலில் பெயரிடப்பட்டவை மட்டுமே சுமார் 4 லட்சம். எந்த ஓடைக்குப் போனாலும் கரையில் ஏதோ ஒரு வண்டு இருக்கத்தான் செய்யும். அதனால் குறிப்பிட்ட இனத்தைத் தேடி அலைய வேண்டாம். உருண்டையான கறுப்பு முதுகும் கீழே சில கால்களும் இருந்தால் மீனுக்குப் போதும்.

14-ம் எண் முள்ளை வைஸில் பொருத்துங்கள். கறுப்பு நூலை முள்ளின் கண்ணுக்கு (தூண்டில் நரம்பைக் கோக்கும் துளைக்கு) சற்றுப் பின்னால் தொடங்கி, தண்டு முழுவதும் நெருக்கமாகச் சுற்றிப் பின்முள்ளுக்கு நேர் மேலே வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். வளைவில் இறங்கிவிடாதீர்கள். அங்கே ஃபோமைக் கட்டினால் முள்ளின் வாய் அடைபடும், மீன் கடித்தாலும் குத்தாது.

ஸ்கேலை வைத்து 2 மில்லிமீட்டர் கறுப்பு ஃபோமில் ஒரு பட்டை வெட்டுங்கள். அகலம் முள்ளின் வாயளவு. அதாவது 14-க்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஒரு நுனியை அம்புமுனை மாதிரி இரு பக்கமும் சரித்து வெட்டுங்கள். கூரான நுனி இருந்தால் கட்டுமிடத்தில் புடைக்காது.

தண்டின் மேல் சூப்பர் க்ளூவை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். நான் ஆரம்பத்தில் இதைத் தவிர்த்துவிட்டேன், நூல் போதும் என்ற நினைப்பில். ஒரு நாள் நல்ல ஓடையில் மூன்றாவது மீனைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் வண்டின் முதுகு முள்முனைப் பக்கம் திரும்பி வாயை முழுதாக மூடியிருந்தது. அதற்குப் பிறகு கடித்த இரண்டு மீன்கள் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெட்டியில் இருந்த மற்ற வண்டுகளை விரலால் தள்ளிப் பார்த்தேன், எல்லாமே சுழன்றன. அன்றிலிருந்து பசை இல்லாமல் ஒன்றும் கட்டுவதில்லை.

கூர் நுனியைத் தண்டின் நடுவில் வைத்து, மீதிப் பட்டை முள்ளின் வளைவைத் தாண்டிப் பின்பக்கம் நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். இரண்டு இலேசான சுற்று, மூன்றாவதில் இறுக்கம். அப்படியே பின்னோக்கிப் போய்ப் பின்முள்ளுக்கு மேலே நிறுத்துங்கள். இந்த நுனி மட்டும் நன்றாக அமுங்கினால் பரவாயில்லை, மிதக்கவைப்பது முதுகுதான்.

அடுத்து மயில் தோகையிலிருந்து மூன்று நான்கு இழைகள். நுனிப் பக்கம் எளிதில் ஒடியும், ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, அந்த முனையைக் கட்டுங்கள். இழைகளை அப்படியே சுற்றினால் முதல் மீனின் பல்லிலேயே அறுந்துபோகும். எனவே நூலோடு சேர்த்து முறுக்குங்கள். இழையும் நூலும் பச்சை மின்னும் கயிறாகிவிடும். அதை முன்னோக்கிச் சுற்றிவந்து, கண்ணிலிருந்து தண்டின் கால்பங்கு தூரத்தில் நிறுத்தி இழைகளைக் கட்டி வெட்டுங்கள். உடல் பருமனாக வேண்டாம், அதுவும் வாயை அடைக்கும்.

இப்போது முதுகு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை மேலே மடக்கி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இந்த இடத்தில் எல்லோருக்கும் கை இழுக்கும். இழுத்தால் ஃபோம் மெலியும், அறைகள் சப்பையாகும், முதுகின் உருட்சி போய்விடும். பட்டை தானாக மடங்கி வந்து உட்கார வேண்டும், அடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தால்கூட நல்லதுதான். உடலை முடித்த அதே இடத்தில் இரண்டு இலேசு, மூன்றாவது இறுக்கம், இன்னும் ஒன்றிரண்டு. மொத்தம் ஐந்து சுற்றுக்கு மேல் வேண்டாம். முன்பக்கம் மீந்த ஃபோம் கண்ணுக்கு மேல் நீட்டியிருக்கும், அதுதான் தலை.

ரப்பர் காலில் ஒரு துண்டை எடுத்து, ஃபோமில் நூல் பதிந்த பள்ளத்தின் பக்கவாட்டில் நடுவில் வைத்து இரண்டு சுற்று. மறுபக்கம் இன்னொன்று. நான்கு கால்கள் ஆயிற்று. நிஜ வண்டுக்கு ஆறு என்று வருந்த வேண்டாம், மீன் எண்ணுவதில்லை. அதே பள்ளத்தின் மேல் 1 மில்லிமீட்டர் ஆரஞ்சு ஃபோமில் அரிசியளவு துண்டு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். கறுப்பு வண்டு நிழலான தண்ணீரில் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் புள்ளி நமக்கானது. மீன் கீழேயிருந்து பார்ப்பதால் அதற்கு அது தெரியாது.

தலையை ஊசியால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நூலை அதன் அடியில் கண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய் நான்கு சுற்றில் விப் ஃபினிஷ் போட்டு நூலை வெட்டுங்கள். தலை ஃபோமைக் கண்ணைச் சற்றே தாண்டும்படி நேராக வெட்டி, இரு மூலையையும் கிள்ளிவிடுங்கள். கால்களை உடம்பின் நீளத்துக்குச் சமமாகக் கத்தரியுங்கள். நீண்ட கால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வீசும்போது விசிறி மாதிரி சுழன்று நரம்பை முறுக்கிவிடும். கடைசியாக ஃப்ளையைக் கவிழ்த்து, வயிற்றுப் பக்கம் நூல் தெரியும் இடத்தில் ஒரு சொட்டுப் பசை. கண்ணின் துளை அடைபட்டதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். ஓடைக்கரையில் போய்த் தெரிந்துகொண்டால் ரொம்பக் கஷ்டம்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வண்டைப் பத்து முறை போடுங்கள். எட்டு ஒன்பது முறையாவது முதுகு மேலே, முள் கீழே என்று விழ வேண்டும். அடிக்கடி கவிழ்ந்தால் முதுகு அகலம் அதிகம், அல்லது முள் மிக இலேசு. அப்புறம் தம்ளரைக் கண்ணுக்கு மேலே தூக்கி அடியிலிருந்து பாருங்கள். கால்கள் ஒவ்வொன்றும் தண்ணீர்ப் படலத்தில் ஒரு சின்னக் குழி போட்டிருக்கும். வெளிச்சம் அந்தக் குழிகளைச் சுற்றி மின்னும். மீன் முதலில் பார்ப்பது இந்தக் குழிகளைத்தான்.

காரணம் இது: தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரம் வழியாக மட்டுமே தெரியும். ஒளி வளைவதால் அந்தக் கூம்பின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. சாளரத்தின் அகலம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல் சுமார் இரண்டேகால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 68 சென்டிமீட்டர் வட்டம். அதற்கு வெளியே பரப்பு கண்ணாடி மாதிரி அடித்தளத்தைத்தான் காட்டும். சிற்றோடையில் ஆழம் குறைவு, வட்டமும் சிறிது, நீரோட்டமோ வேகம். ஃப்ளை அந்த வட்டத்தைக் கடக்கும் நேரம் ஒரு கணம்தான். கண் இமை, மீசையெல்லாம் வைத்து அழகுபடுத்துவதைவிட, சரியான உருவரை, சரியான குழிகள், பரப்போடு ஒட்டிக் கிடக்கும் உடல் ஆகிய மூன்றிலும் கவனம் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இப்படி ஒரு டஜன் வண்டு கட்டுங்கள். முதல் ஐந்தைப் பிளேடால் பிரித்து முள்ளை மீட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டாவதை முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எறும்பு: இடுப்புதான் எல்லாம்

எறும்பு ஃப்ளையில் மீன் அடையாளம் காண்பது இரண்டு உருண்டைகளையும் நடுவில் ஒடிந்துவிடும்போலத் தெரியும் இடுப்பையும். இடுப்பு பருத்துவிட்டால் அது எறும்பில்லை, சின்ன வண்டு. நான் பார்த்த மோசமான எறும்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டிருந்தன. கட்டுபவர் நிறையச் சுற்றியிருப்பார், அல்லது இறகை அளவுக்கு மேல் சேர்த்திருப்பார்.

16-ம் எண் முள்ளில் நூல் படுக்கை போட்டு, நூலைத் தண்டின் நடுவில் நிறுத்துங்கள். 2 மில்லிமீட்டர் ஃபோமில் 3 மில்லிமீட்டர் அகலப் பட்டை. நீளம் முள்ளின் முழு நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல். இரு முனையிலும் மூலைகளைக் கத்தரித்து வட்டமாக்குங்கள். தண்டில் பசை தொட்டு, பட்டையை மேலே வைத்து, நடுவில் மட்டும் கட்டுங்கள். பின்பாதி கொஞ்சம் நீளமாக, முன்பாதி சிறிதாக. இரண்டு இலேசு, இரண்டு இறுக்கம், முடிந்தது. நூல் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அகலமாகப் பரவக் கூடாது.

அதே கோட்டில் சேவலின் கழுத்து இறகு ஒன்றைக் கட்டி இரண்டே இரண்டு சுற்று, அதிகம் போனால் மூன்று. இழையின் நீளம் முள்ளின் வாய்க்குச் சமமாக இருந்தால் போதும். வயிற்றுப் பக்கத்து இழைகளைக் கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுங்கள், அப்போதுதான் உடல் பரப்பில் படுக்கும். நூலைத் தண்டோடு ஒட்டி முன்னால் கொண்டுபோய், முன் உருண்டையைத் தூக்கி, அதன் அடியில் முடிச்சுப் போடுங்கள். ஃபோம் முழுக்கத் தண்டின் மேலேயே இருப்பதால் முள்ளின் வாய் முழுதாகத் திறந்திருக்கும். 18-ம் எண் வரை இதே முறையில் இறங்கலாம்.

கறுப்போடு செம்பழுப்பிலும் நாலைந்து கட்டிக்கொள்ளுங்கள். சிறகு முளைத்த எறும்புகள் பறக்கும் நாள் ஒன்று வரும். மழை பெய்து ஓய்ந்த பின் புழுக்கமும் வெயிலுமாக இருக்கும் பகலில் அவை கூட்டமாகக் கிளம்பும். அன்றைக்கு மீன்கள் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. இடுப்பில் சாம்பல் நிறச் செயற்கை இழையைப் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டினால் சிறகு தயார்.

வெட்டுக்கிளி

பெரிய ஆற்றுக்குக் கட்டும் மூன்றடுக்கு வெட்டுக்கிளிகளைச் சிற்றோடைக்குக் கொண்டுவர வேண்டாம். அவை விழும் சத்தத்திலேயே சின்னக் குளத்திலுள்ள மீன்கள் சிதறிவிடும். 12-ம் எண் நீளத் தண்டு முள்ளில், ஒரே அடுக்கு 2 மில்லிமீட்டர் ஃபோம் போதும்.

நூல் படுக்கையின் மேல் வெளிர்மஞ்சள் டப்பிங் இழையை (உடல் செய்ய நூலில் முறுக்கும் பஞ்சு போன்ற இழை) மெல்லிதாக முறுக்கி உடல் சுற்றுங்கள். கண்ணுக்குப் பின்னால் தண்டின் மூன்றிலொரு பங்கு காலியாக இருக்கட்டும். பழுப்பு ஃபோம் பட்டை, அகலம் முள்ளின் வாயளவு, பின்முனை வட்டமாக. பசை தொட்டு, பட்டையை உடலின் மேல் வைத்து, வளைவைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டியிருக்கும்படி இரண்டே இடத்தில் கட்டுங்கள்: ஒன்று பின்முள்ளுக்கு மேலே, இன்னொன்று உடல் முடியுமிடத்தில். முதல் இடத்திலிருந்து இரண்டாவதற்கு நூலை எப்படிக் கொண்டுபோவது? ஃபோமின் மேலாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். பட்டையைத் தூக்கி, அடியில் உடல் மேலேயே சரித்துச் சுற்றிப் போனால் முதுகு அமுங்காது.

முன் கட்டில் மான் மயிர்க் கற்றை ஒன்றைச் சிறகாக வையுங்கள். தீக்குச்சி கனம் இருந்தால் போதும், நுனிகள் ஃபோமின் பின்முனையை எட்டினால் சரி. மான் மயிர் உள்ளே கூடாக இருப்பதால் இறுக்கியதும் விசிறியாக விரியும். அடங்கிப் படுக்க வேண்டுமானால் முதலிரண்டு சுற்றை இலேசாகப் போடுங்கள்.

பின்னங்கால்தான் வெட்டுக்கிளியின் அடையாளம். ரப்பர் இழையில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு இறுக்கினால் முழங்கால் மடிந்து நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக, முழங்கால் உடலுக்கு மேலே தெரியும்படி கட்டுங்கள். முன்னால் இரண்டு சிறிய நேர்கால். மீந்த ஃபோமைக் கண்ணுக்கு மேல் தலையாக வெட்டி, வண்டுக்குச் செய்தது போலவே அடியில் முடிச்சு. நிரந்தர மார்க்கரால் காலிலும் முதுகிலும் கறுப்புக் கோடுகள் இட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடிக்கும், மீனுக்கு அவசியமா என்று கேட்டால் அவசியமில்லை.

மரங்கள் அடர்ந்த ஓடைகளில் காவடிப்புழுவும் ஒன்றிரண்டு வைத்திருங்கள். இளம்பச்சை ஃபோமில் 2 மில்லிமீட்டர் அகலப் பட்டையை 14-ம் எண் நீளத் தண்டின் மேல் வைத்து, நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு சுற்று மட்டும் போட்டால் கணுக்கணுவாகப் புழு வந்துவிடும். இதில் சுற்று கூடினால் மூழ்கும், ஆனால் பாதி மூழ்கிய புழுவையும் மீன் எடுப்பதால் நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

ஓடையில்

தூண்டில் நரம்பின் கடைசித் துண்டுக்கு ஒரு கணக்கு உண்டு: முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய எந்த எக்ஸ் (நரம்பின் பருமனைச் சொல்லும் எண்) என்று தெரியும். 12-க்கு 4எக்ஸ், 14, 16 எண்களுக்கு 5எக்ஸ். ஃபோம் காற்றில் தடுக்குவதால் சந்தேகம் வந்தால் ஒரு படி தடித்ததையே எடுங்கள். ஏழரை அடி லீடர் (ஃப்ளையை நோக்கி மெலிந்துகொண்டே போகும் முன் நரம்பு) சிற்றோடைக்குப் போதும்.

வெயில் ஏறி, காற்று கிளைகளை அசைக்கத் தொடங்கும் நேரம் இந்த ஃப்ளைகளுக்கானது. நீரோட்டத்துக்கு எதிராக, குனிந்தபடி, கீழிருந்து மேலாக நகருங்கள். கரையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கவிந்த புல்லுக்கு அடியில், வேர்களின் ஓரத்தில் போடுங்கள். டிரை ஃப்ளை எனப்படும் மற்ற மிதக்கும் ஃப்ளைகளைப் பூ மாதிரி இறக்கச் சொல்வார்கள். வண்டை அப்படி இறக்க வேண்டாம். தொப்பென்று விழட்டும். நிஜ வண்டு அப்படித்தான் விழும், அந்தச் சத்தத்துக்கே மீன் திரும்பும். எறும்புக்கு இது பொருந்தாது, அது சத்தமில்லாமல் விழ வேண்டும். வெட்டுக்கிளியை மட்டும் இரண்டு நொடிக்கு ஒருமுறை மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள்.

வீசவே இடமில்லாத புதருக்குள் வில் வளைப்பது போலத் தூண்டிற்கோலை வளைத்துவிடும் வீச்சுதான் கைகொடுக்கும். ஃப்ளையின் வளைவை முனை வெளியே இருக்கும்படி இரு விரலால் பிடித்து, கோல் நுனி வளையும்வரை இழுத்து, இலக்கைப் பார்த்து விட்டுவிடுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள்.

மீன் எடுத்ததும் அவசரப்பட்டுச் சுண்டாதீர்கள். ஃபோம் ஃப்ளை பருமனானது, மீன் வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும்வரை ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். கழற்றும்போது கையை நனைத்துக்கொண்டு, முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்துக் கழற்றுங்கள். கோடையில் ஒரு சின்ன வெப்பமானி பையில் இருக்கட்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் பிராணவாயு குறைந்து டிரவுட் திணறும், பிடித்து விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அப்போது கோலை மடக்கிவிட்டு மறுநாள் விடியலில் வருவதுதான் நியாயம்.

ஃபோமுக்கு மிதப்புப் பசை தடவத் தேவையில்லை. எறும்பின் இறகுக்கும் வெட்டுக்கிளியின் மயிருக்கும் கொஞ்சம் தடவலாம். மீனின் வழவழப்பு படிந்தால் ஓடைத் தண்ணீரிலேயே அலசி, துணியில் ஒற்றி, ஊதிவிட்டால் மறுபடி மிதக்கும். வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து காயவிடுங்கள், இல்லாவிட்டால் முள் துருப்பிடிக்கும். அடுக்கும்போது ஃபோம் நசுங்காத ஆழமான அறைகளில் தளர்வாகப் போடுங்கள். மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும் முதுகு பழைய உருட்சிக்குத் திரும்ப வராது. பல் பட்டுக் கிழிந்த வண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். கிழிசலில் ஒரு சொட்டுப் பசை விட்டு விரலில் ஒட்டாமல் ஊசியால் அழுத்திப் பிடித்தால், இன்னும் சில மீன்களுக்கு அது தாங்கும்.